மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல், டெஸ்டில் கோவிட்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிறந்து 90 நாள்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் அடித்து, பரிசோதனையில் கோவிட் பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒருவர் கைகால் நடுங்குவார். இன்னொருவர், “கோவிட்தானே, இப்பல்லாம் சளி மாதிரி வந்துட்டுப் போயிடுது” என்பார். மருத்துவர் யோசிப்பது இந்த இரண்டையும் அல்ல. கோவிட் இருக்கிறது, சரி; கூடவே வேறு ஏதாவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்றுதான் அவர் தேடுவார். கீழே உள்ள கேள்விகளில் பல இந்தத் தேடலைப் பற்றியவை.

எத்தனை டிகிரி இருந்தால் காய்ச்சல்னு எடுத்துக்கணும்?

ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு இது. நம் வீடுகளில் அப்படிப் பார்ப்பதில்லை, நீங்களாகப் பார்க்கவும் வேண்டாம். அக்குளில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும். அதனால் அக்குளில் 37.5, அதாவது 99.5 ஃபாரன்ஹீட் தாண்டினாலே இந்த வயதில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். “நூறைத் தொடலையே” என்று காத்திருப்பது பெரியவர்கள் கணக்கு.

அதேபோல் உடம்பு சில்லிட்டுப் போவதும் ஆபத்துதான். 35.5 டிகிரிக்குக் கீழே இறங்குவதை உலக சுகாதார நிறுவனம் கடும் கிருமித்தொற்றின் அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. சின்னக் குழந்தைகள் தொற்று வந்தால் எல்லா நேரமும் சூடாவதில்லை. சிலர் குளிர்ந்து போவார்கள்.

தெர்மாமீட்டரை எப்படி வைக்கணும்?

டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குழந்தையின் சட்டையைத் தளர்த்தி, அக்குளில் வியர்வை இருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். முனை அக்குளின் நடுக்குழியில் தோலோடு ஒட்டி இருக்கட்டும். துணி இடையில் சிக்கக் கூடாது. கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ‘பீப்’ சத்தம் வரும்வரை விடாமல் இருங்கள். குளிப்பாட்டிய கையோடு பார்க்காதீர்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லும் பாட்டியின் கை பல நேரம் சரியாகத்தான் சொல்லும், ஆனால் மருத்துவர் கேட்பது எண்ணை.

ஓவராப் போத்தி வச்சிருந்தோம், அதனால சூடா இருக்குமோ?

இருக்கலாம். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி, ஜன்னல் மூடிய அறை, மே மாத வெயில் எல்லாம் சேர்ந்தால் நல்ல குழந்தையும் சூடாகும். துணிகளைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, பால் கொடுத்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கி, அப்படியே நின்றுவிட்டால் நல்லது. அதற்குமேல் ஒருமணி நேரம், இரண்டு மணி நேரம் என்று சோதனையை நீட்டாதீர்கள். முதல்முறை அக்குளில் பார்த்த எண் 37.5-ஐத் தாண்டியிருந்தால், பிறகு இறங்கினாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிறந்த முதல் வாரத்தில், பால் சரியாகச் சுரக்காமல் உடம்பில் நீர் வற்றியும் சூடேறும். கோடையில் இது சகஜம். அதையும் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூத்தவனுக்கும் அதே காய்ச்சல்தான், அவன் ஓடி விளையாடுறான். இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

நான்கு வயதுப் பையனின் உடம்பு கிருமியை ஓர் இடத்தில் மடக்கி வைக்கும். ஒரு மாதக் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அதற்கு இன்னும் பழகவில்லை. சிறுநீர்ப் பாதையில் தொடங்கியது ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போய்விட முடியும், அதுவும் சில மணி நேரத்தில்.

இன்னொன்று: பெரிய குழந்தையின் முகத்தைப் பார்த்தே “கொஞ்சம் தேவலை” என்று சொல்லிவிடலாம். முகம் பார்த்துச் சிரிப்பது சுமார் ஆறு வாரத்தில்தான் வரும். அதற்கு முன்பு குழந்தை செய்வதெல்லாம் குடிப்பது, தூங்குவது, அழுவது. இந்த மூன்றை மட்டும் வைத்து நோயின் கனத்தை எடைபோடுவது அனுபவமுள்ள மருத்துவருக்கே சிரமம். ரத்தத்தில் பாக்டீரியா இருக்கும் குழந்தை முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியும். பரிசோதனைகள் அதற்காகத்தான்.

வீட்டுல எல்லாருக்கும் கோவிட். குழந்தைக்கும் பாசிட்டிவ். காரணம்தான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு ரத்தம், சிறுநீர்னு குத்துறாங்க?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு வைரஸ் இருப்பது பாக்டீரியா இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். வீட்டில் எல்லாருக்கும் கோவிட் இருக்கும்போது குழந்தைக்கும் அது ஒட்டிக்கொள்வது ஆச்சரியமில்லை; அதே வாரத்தில் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்றும் வந்திருக்கலாம். ஆனால் அப்படி நடப்பது எவ்வளவு? பெருந்தொற்றின் தொடக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

2020 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில், காய்ச்சலோடு வந்த, பார்க்க நன்றாக இருந்த 8 முதல் 60 நாள் வயதுக் குழந்தைகள் 14,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி ஒரு ஆய்வு 2023-இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கோவிட் இருந்தது. கோவிட் இல்லாத குழந்தைகளில் 7.6 சதவீதத்தினருக்குச் சிறுநீர்த் தொற்று. கோவிட் இருந்தவர்களில் 0.8 சதவீதம் மட்டுமே. ரத்தத்தில் பாக்டீரியா முதல் கூட்டத்தில் 2.1 சதவீதம், கோவிட் கூட்டத்தில் 0.2. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் 0.5 சதவீதம், கோவிட் கூட்டத்தில் 0.1-க்கும் கீழே.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். கோவிட் பாசிட்டிவ் என்றால் மற்ற ஆபத்து வெகுவாகக் குறைகிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிறது. பெற்றோருக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் பூஜ்யம் ஆகிவிடவில்லை. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானாலும் அந்த ஒன்று இருபது நாள் குழந்தையாக இருந்தால் விட்டுவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எண்கள் வட அமெரிக்காவின் எண்கள். அங்கே பச்சிளம் குழந்தைகளைத் தாக்குவதில் ஈ.கோலையும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் முன்னே நிற்கின்றன. இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள் அதிகம். அதனால் “அமெரிக்காவில் குறைவாம்” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நம் ஊர் மருத்துவரிடம் பரிசோதனை வேண்டாம் என்று வாதாடுவது சரிவராது.

டாக்டர் வயசை நாள் கணக்குல கேக்குறாரே, ஏன்?

ஒவ்வொரு வாரத்துக்கும் ஆபத்து மாறுகிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த வயதை மூன்றாகப் பிரிக்கிறது. 8 முதல் 21 நாள் வரை: சிறுநீர், ரத்தம், முதுகுத் தண்டு நீர் மூன்றையும் எடுத்து, மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். 22 முதல் 28 நாள் வரை: ரத்தத்தில் சிஆர்பி, புரோகால்சிடோனின் போன்ற அழற்சி அளவுகளைப் பார்த்து முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் உண்டு. 29 முதல் 60 நாள் வரை: அந்த அளவுகளும் சிறுநீரும் சரியாக இருந்தால், குழந்தையும் நன்றாகக் குடித்தால், பலரை முதுகில் ஊசி இல்லாமலே வீட்டுக்கு அனுப்பி மறுநாள் பார்க்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கும் குறைவான குழந்தை இந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த வயதில் காய்ச்சல் என்றால் நேராக மருத்துவமனைச் சேர்க்கைதான்.

இந்த வழிகாட்டி நிறைமாதத்தில் பிறந்து பார்க்க நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கானது. குறைமாதமாகப் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் ஐசியூவில் இருந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை ஆகியோருக்கு மருத்துவர் கூடுதலாகவே எச்சரிக்கை காட்டுவார். கோவிட் பாசிட்டிவ் ஆனாலும் அதே முறைதான். சோதனைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதில் மட்டும் 29 நாளுக்கு மேற்பட்டவர்களிடம் மருத்துவருக்குச் சற்றுத் தைரியம் வரும்.

சிறுநீரை எப்படி எடுப்பாங்க? பையை ஒட்டி எடுக்கக் கூடாதா?

ஒட்டும் பிளாஸ்டிக் பையில் சேரும் சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகளும் கலந்துவிடும். அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் நம்பலாம். கிருமி இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. அதனால் நூல்போன்ற மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியாக விட்டுச் சில துளிகள் எடுப்பார்கள். குழந்தை அழும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வயதில் காய்ச்சலுக்குப் பின்னால் மிக அதிகமாக அகப்படும் பாக்டீரியாத் தொற்று சிறுநீர்த் தொற்றுதான். பெண் குழந்தைக்குத்தான் வரும் என்ற நினைப்பு முதல் மூன்று மாதத்துக்குப் பொருந்தாது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே?

இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் நிறைய. குழந்தையின் தண்டுவடம் முதுகெலும்பின் கீழ்ப்பகுதிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, இடுப்பெலும்பு மட்டத்தில். அங்கே இருப்பது நீரும் அதில் மிதக்கும் நரம்பிழைகளும்தான். ஊசி முனை பட்டால் அவை விலகிக்கொள்ளும். குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகை வில்லாக வளைத்துப் பிடித்து, சில மில்லிலிட்டர் எடுப்பார்கள். பார்ப்பதற்குக் கலக்கமாக இருக்கும், அதனால் பெற்றோரை வெளியே நிற்கச் சொல்வார்கள்.

கால் விளங்காமல் போவது ஊசியால் அல்ல. கண்டுபிடிக்காமல் விட்ட மூளைக்காய்ச்சலால்தான் காது கேளாமை, வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் வருகின்றன.

கோவிட்டால குழந்தைக்கு என்னென்ன வரும்?

பெரும்பாலும் காய்ச்சல், மூக்கடைப்பு, பால் குடிப்பதில் மந்தம், லேசான இருமல், சில நேரம் வயிற்றுப்போக்கு. காய்ச்சலைத் தவிர வேறு எதுவுமே இல்லாமலும் வரும். இந்த வயதுக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சுவிடுகிறார்கள். அதனால் மூக்கு அடைத்தாலே பால் குடிக்கத் திணறும். பெரும்பாலானவர்கள் சில நாளில் தேறிவிடுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளிடம் மட்டும், மூச்சு திடீரென்று சில நொடிகள் நின்றுபோவதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

கோவிட்டுக்குன்னு மருந்து உண்டா?

சாதாரணக் கோவிட்டுக்குத் தேவையில்லை. பால், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, கண்காணிப்பு, அவ்வளவுதான். 2021 ஜூனில் இந்திய சுகாதார சேவைகள் இயக்ககம் குழந்தைகளுக்கு ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்றும், லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கெடுதல் என்றும் எழுதியது. அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் 28 நாள் நிரம்பிய, 3 கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு ரெம்டெசிவிர் அனுமதி பெற்றது; அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும் நோய் முற்றும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும்தான். கொடுக்கும் ஆன்டிபயாடிக் கோவிட்டுக்கு அல்ல, இருக்கக்கூடிய பாக்டீரியாவுக்கு. எடுத்த ரத்தம், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பதுதான் கல்ச்சர்; அதில் கிருமி முளைத்தால் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். முளைக்காவிட்டால், குழந்தையும் நன்றாக இருந்தால், ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்பது தப்பில்லை.

வீட்டுல பாராசிட்டமால் சொட்டு மருந்து இருக்கு. ஒரு வேளை கொடுத்துட்டுக் கிளம்பலாமா?

மருத்துவர் பார்க்கும் முன் வேண்டாம். காய்ச்சல் இறங்கிவிட்டால் “வீட்டிலேயே இருப்போம்” என்று தோன்றும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

பிறகு மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போது பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்து நான்கு மடங்கு கெட்டி. சிரப் என்று நினைத்து எழுதிய 2.5 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்தால் 62 மில்லிகிராமுக்குப் பதில் 250 உள்ளே போகும். கல்லீரலைக் கெடுக்கும் தவறு இது, மூடியால் அளப்பவர்கள் வீட்டில் எளிதாக நடக்கும். இபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் ஆறு மாதத்துக்குள் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

சளி மருந்து, தைலம், சாம்பிராணி, உரைமருந்து?

இருமல் சளி சிரப் எதுவும் வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து தரக் கூடாது என்று மத்திய அரசு அப்போது மறுபடியும் அறிவுறுத்தியது. நச்சு கலக்காத சிரப்பும் இந்த வயதில் எந்த நன்மையும் செய்வதில்லை.

தைலத்தில் உள்ள கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். சாம்பிராணிப் புகை ஏற்கெனவே இரைக்கும் மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். தேனில், தசைகளைச் செயலிழக்கவைக்கும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் விதைகள் இருக்கலாம், ஒரு வயது வரை தேன் வேண்டாம். கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு உரைத்த மருந்து, வாயால் ஊதிச் சளி எடுப்பது எல்லாமே புதுக் கிருமிக்கு வழி. வார்டில் இதைச் சொன்னதும், “நாங்க அஞ்சு புள்ளை வளர்க்கலையா?” என்று பாட்டிமார் கேட்பார்கள். வளர்த்தார்கள்தான். அந்தக் காலத்தில் எத்தனை குழந்தை தங்கவில்லை என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.

ஆறாவது வாரத் தடுப்பூசி நேத்துதான் போட்டோம். அந்தக் காய்ச்சலா இருக்குமா?

பென்டாவேலன்ட் போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சல் வருவது சகஜம். தடுப்பூசி போட்ட செவிலியர் அதற்கு அளவு சொல்லி மருந்தும் கொடுத்திருப்பார். அதைக் கொடுக்கலாம். 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வீட்டில் யாருக்காவது கோவிட் இருந்தாலோ தடுப்பூசி மேல் பழிபோட்டுக் காத்திருக்காதீர்கள்.

எனக்கும் கோவிட். தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு கொடுங்கள். கோவிட் உள்ள தாயையும் சேயையும் பிரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. உங்கள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் பாலில் இறங்குகின்றன. எழுந்து உட்கார முடியாத அளவுக்குச் சோர்வாக இருந்தால், பாலைப் பீய்ச்சி வேறொருவர் பாலாடையில் கொடுக்கலாம்.

குழந்தைக்கு மாஸ்க்?

வேண்டாம். மூச்சு அடைக்கும்.

கர்ப்பத்துல போட்ட கோவிட் தடுப்பூசி குழந்தைக்கு உதவுமா?

உதவும். நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் குழந்தைக்குப் போகிறது. கர்ப்பத்தில் இரண்டு டோஸ் போட்ட தாய்மார்களின் குழந்தைகள் முதல் ஆறு மாதத்தில் கோவிட்டால் மருத்துவமனையில் சேருவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்ததை அமெரிக்க ஆய்வொன்று 2022 பிப்ரவரியில் காட்டியது. ஒமிக்ரான் வந்தபின் அந்தப் பலன் குறைந்தது. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நேராகப் போடும் கோவிட் தடுப்பூசி எந்த நாட்டிலும் கிடையாது.

எதைப் பார்த்தா உடனே 108-ஐக் கூப்பிடணும்?

பால் குடிக்க மறுத்தால், அல்லது வாயில் வைத்தும் சப்பாமல் தூங்கிப்போனால். தூண்டினால் மட்டும் அசைந்தால். உதடு, நாக்கு நீலம் பூத்தால். வலிப்பு வந்தால். உச்சிக்குழி புடைத்தால். மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அல்லது ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால்.

மூச்சை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்குவது ஒன்று. கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சின்னக் குழந்தைகள் வேகமாக நாலு மூச்சு விட்டுச் சற்று நிறுத்துவார்கள், அதனால் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குள் 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60 அல்லது அதற்குமேல் என்றால் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு எதைப் பார்க்கணும்?

எத்தனை முறை சிறுநீர் போகிறது, எத்தனை முறை குடிக்கிறது. கல்ச்சர் முடிவு வரும்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பார்கள், அந்த எண்ணை எடுங்கள். தெரியாத எண் என்று துண்டித்துவிடுகிறார்கள் சிலர். கோவிட் சரியாகி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சலோடு தோல் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு வந்தால், முன்பு கோவிட் வந்ததைச் சொல்ல மறக்காதீர்கள். அரிதாக, தொற்று போனபின் உடம்பு தன்னையே தாக்கும் அழற்சி நோய் வரும்.

கிளம்பும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

தாய்சேய் நல அட்டை, பிறந்த எடை எழுதிய டிஸ்சார்ஜ் தாள், கோவிட் பரிசோதனை முடிவு, இதுவரை கொடுத்த மருந்தின் பாட்டில். காய்ச்சலை எத்தனை மணிக்கு, எங்கே வைத்துப் பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்தபடி வைத்து, கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். தூரம் அதிகமென்றால் வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசியை அங்கேயே போட்டு, பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு 108-இல் அனுப்ப அவர்களால் முடியும்.